அண்ணன் நீட்டிய கைகள்

மார்ச் 3, செவ்வாய்

வேனின் பின் டயர் இரண்டும் மாற்றியாயிற்று. நாளை முதல் பன்னிரண்டு நாளில் ஆறு ஊர், ஆறு இளைஞர் கூட்டம். சபையில் இளைஞர் ஊழியத்துக்கு வந்த இந்தப் பதினொரு வருடத்தில் இவ்வளவு நீளமான பயணம் போனதில்லை. பையில் சட்டை ஐந்து, ஷேவிங் சாமான், குத்துச்சண்டை கிளவுஸ் ஒரு ஜோடி.

மனைவி துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கிளவுஸையும் தூக்கிட்டுப் போகணுமா?" என்றாள். அது இல்லாமல் என் சாட்சி, நான் மனந்திரும்பிய கதை, எடுபடாது என்றேன். "சாட்சி சொல்ல வாய் போதாதா?" என்றாள். இவளிடம் வாய் கொடுத்து யார் மீள்வது.

போதகரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "தம்பி, பாட்டைக் குறைச்சுக்குங்க, சாட்சியைக் குறைக்காதீங்க. அந்த ரத்தம் வர்ற இடத்துல கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க. பிள்ளைங்க அசையாம கேப்பாங்க" என்றார். சரிங்க ஐயா என்றேன். அதை நான் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறேன் என்று அவருக்கும் தெரியும்.

மார்ச் 4, புதன்

முதல் ஊர். முந்நூறு பேர் இருக்கும். வழக்கமான சாட்சி. பதினாறு வயதில், குத்துச்சண்டை மேடையில், கோபத்தில் எதிராளி ஒருவனை அடித்து அவன் கண்ணைப் போக்கினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கர்த்தர் என்னோடு பேசினார். அன்றிலிருந்து இருபது வருடம் எவன் மேலும் கை வைத்ததில்லை.

"கண்ணைப் போக்கினேன்" என்னும்போது வலது கையில் கிளவுஸை மாட்டி இடது உள்ளங்கையில் ஒரு குத்து விடுவேன். மைக்கில் அந்தச் சத்தம் வெடித்துக் கேட்கும். பிறகு பேசாமல் நிற்பேன். இன்று மனசுக்குள் ஆறு எண்ணினேன். ஒரு இருமல் இல்லை.

எனக்கு அந்த ஆறு எண்ணுகிற நேரம் ரொம்பப் பிடிக்கிறது. இங்கேயாவது ஒத்துக்கொள்ளலாம்.

மார்ச் 6, வெள்ளி

வேனில் எழுதுகிறேன். குலுங்குகிறது.

இரண்டாவது ஊரில் ஒரு பெண் கேட்டாள்: "சின்ன வயசுல உங்களுக்கு எதுமேல பைத்தியம்?" குத்துச்சண்டை என்றேன். கைதட்டினார்கள். முழுசாகச் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினொன்று. பழைய டயர் கிடங்கு ஒன்றின் மூலையில் எங்கள் குத்துச்சண்டை மாஸ்டர் மணல் மூட்டை தொங்கவிட்டிருந்தார். விரல் முட்டி தோல் உரிந்து மூட்டையில் ரத்தம் ஒட்டும். அது அண்ணன் ரத்தமா என் ரத்தமா என்று வேறு சண்டை போடுவோம். ஒருத்தன் மூக்கை ஒருத்தன் உடைத்துவிட்டு, வரும் வழியில் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்போம். அடிதான் எங்களுக்கு விளையாட்டு, பாசம் எல்லாம்.

சுவரில் ரயில் பாதை வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. ஏதாவது ஓர் ஊரின் மேல் முட்டியால் குத்தி, "இங்க போறோம், அடிக்கறோம்" என்போம். அதுவரை இரண்டு பேருமே ரயில் ஏறியதில்லை.

அண்ணன் என்னைவிட நன்றாக ஆடுவான். அவன் இடது கை எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

மார்ச் 7, சனி

மூன்றாவது ஊர். கூட வந்த பாட்டுக்குழுப் பிள்ளைகளை விடுதியில் இறக்கிவிட்டு நானும் டிரைவரும் மட்டும் டீசல் போடப் போனோம். சந்திப்பில் வேன் ஒரு பைக்கை லேசாக உரசியது. பைக்காரன் வந்தான், கேள்வி கிடையாது, ஜன்னல் வழியாக டிரைவர் வாயில் ஒரு குத்து. உதடு கிழிந்தது.

நான் இறங்கியது நினைவிருக்கிறது. முதல் அடி கன்னத்தில். அதோடு அவன் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனை எதற்கு அடித்தேன்? மல்லாக்கத் தள்ளி நெஞ்சில் முழங்காலைப் போட்டு அடித்தேன். இரண்டு கையாலும். அவன் மூக்கு என் விரல் முட்டிக்குக் கீழே விலகுவது தெரிந்தது. விடல. விடத் தோணல. டிரைவர் என் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ரோட்டில் பல் கிடந்தது. அவன் எழுந்து, பைக்கை ஸ்டார்ட் பண்ணக்கூட முடியாமல் தள்ளிக்கொண்டே போனான்.

வேனில் டிரைவர் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு சொன்னான்: "ஐயா, இருபது வருஷம்னு சொல்வீங்களே. இனிமே எதுலேருந்து எண்ணணும்?"

நான் சிரிக்கவில்லை. வழியெல்லாம் என் விரல் முட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பயத்தில் என்று அவன் நினைத்திருப்பான். சொல்லிவிடுகிறேன், சுகமாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

வாய் கூசாமல் இன்றும் இருபது வருடம் என்றேன். முட்டி வீங்கியிருந்ததால் கிளவுஸுக்குள் கை போகவில்லை, திணித்தேன். டிரைவர் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 9, திங்கள்

நான்காவது ஊர். ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் அவன் நெஞ்சில் முழங்கால் போட்டதுதான் வருகிறது.

மார்ச் 11, புதன்

ஐந்தாவது ஊர்.

கடைசி வரிசையில் தாடிக்காரர் ஒருவர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தே கேட்டுக்கொண்டிருந்தார். காது மந்தம்போல என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து ஜெபத்துக்கு வரிசையில் வந்தார்கள். ஒவ்வொரு தலையாகக் கை வைத்துக்கொண்டு வந்தேன். தாடிக்காரர் தலையிலும் வைத்து, "பிரதர், எதுக்காக ஜெபிக்கணும்?" என்றேன்.

நிமிர்ந்தார். இடது கண் முழுக்க வெள்ளை.

அண்ணன். அம்மா இறந்த அன்று பார்த்தது. பதினான்கு வருடம்.

"நல்லா பேசற" என்றான். "அந்த எதிராளி யாருடா? நான் அவனைப் பாத்ததே இல்லையே."

என் கை அவன் தலையிலேயே இருந்தது. எடுக்கத் தெரியவில்லை. அவனே மெதுவாக எடுத்துவிட்டான். "பஸ் டிப்போ பின்னாடி லேத் பட்டறை வெச்சிருக்கேன். வர்றதுன்னா வா. வரலன்னாலும் ஒண்ணும் இல்ல."

அடுத்த தலைக்குக் கை வைத்தேன். என்ன ஜெபித்தேன் என்று சத்தியமாகத் தெரியாது.

மார்ச் 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். ஒருமுறையாவது நடந்தது நடந்தபடி.

எதிராளி என்று எவனும் இல்லை. மேடையும் இல்லை. வெளியூர்ப் போட்டிக்கு மாஸ்டர் ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். அன்று சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் அண்ணன் பெயரைச் சொன்னார். ரயிலில் போக வேண்டும், இரண்டு நாள். என் கிளவுஸை அவிழ்த்துவிட்டு மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் கிளவுஸ் கயிறு கட்டுவது. இரண்டு கையிலும் கட்டிவிட்டால் போட்டவன் தானாக அவிழ்க்க முடியாது. அதனால் முதலில் கை விடுபட்டவன் மற்றவனுக்கு அவிழ்க்க வேண்டும். ஒன்பது வயதிலிருந்து அதுதான் வழக்கம்.

அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து இரண்டு கையையும் என்முன் நீட்டினான். "அவுருடா. ஊர்லேருந்து உனக்கு என்ன வேணும் சொல்லு" என்றான்.

வெறும் கையால் அடித்தேன். இடது கண்ணில். அவன் கையை இறக்கவில்லை. நீட்டியபடியே நின்றான், ஏதோ தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்தான். அதே கண்ணில் மறுபடி. மறுபடி. டயர் அடுக்கின்மேல் விழுந்தான். ரத்தத்தைத் துடைக்கப் பார்க்கிறான், கிளவுஸால் துடைக்க முடியவில்லை, முகமெல்லாம் அப்பிக்கிது. அவன் திருப்பி அடிச்சிருக்கலாம். என்னைவிட நல்லா அடிப்பான். ஏண்டா அடிக்கல? ஏன் அடிக்கல நீ?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு, "இரும்புக் கம்பத்துல மோதிக்கிட்டேன்" என்றான். அம்மாவிடமும் அதே. சாகும்வரை அம்மாவுக்குக் கம்பம்தான்.

நான் வராந்தாவில் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. மூன்றாம் நாள் அவனுடைய ஷூவுக்குள் காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பதில் ரயில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதவே கை வரவில்லை, ஆனால் இருந்தேன்.

முதல் சுற்றில் ஒரு நிமிடத்தில் விழுந்தேன். திரும்புகிற ரயிலில் மூக்கில் ரத்தம் நிற்காமல் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்த பெரியவர் கைக்குட்டையை நனைத்து நீட்டினார். யார், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் அழுதேன். கர்த்தர் பேசினாரா என்றால் எனக்குத் தெரியாது. அந்தக் கைக்குட்டை மட்டும் உண்மை. அதை மட்டும் சொல்லியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

மார்ச் 14, சனி

ஆறாவது ஊர். கிளவுஸை வேனிலேயே வைத்துவிட்டுப் போனேன். கம்பம், ஷூ, ரயில், போன சனிக்கிழமை ரோட்டில் கிடந்த பல், எல்லாவற்றையும் சொன்னேன். எங்கேயும் நிறுத்தவில்லை.

யாரும் கைதட்டவில்லை. ஒரு பையனின் அப்பா எழுந்து மேடைவரை வந்தார். "இந்த ஆளையா எங்க பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கீங்க?" என்றார். என் காலரைப் பிடித்தார். என் கை தானாக முஷ்டி மடக்கியது. பின்னால் கொண்டுபோய் ஒரு கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். ஓர் அறை விட்டார். காது இன்னும் ரீங்கரிக்கிறது.

போதகர் போன் பண்ணினார். "தம்பி, கொஞ்ச நாள் ஓய்வெடுங்க" என்றார். அந்த ஓய்வுக்கு என்ன அர்த்தம் என்று பதினொரு வருடம் சபையில் இருந்தவனுக்குத் தெரியாதா.

மனைவியிடமும் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் கம்பம்னுதானே சொன்னீங்க" என்றாள். ஆமாம் என்றேன். "முதல்ல அவர்கிட்ட போங்க. அப்புறம் வீட்டுக்கு வாங்க."

மார்ச் 16, திங்கள்

மற்றவர்களோடு வேனை அனுப்பிவிட்டு, கிளவுஸ் கிடந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஐந்தாவது ஊருக்குத் திரும்பிப் போனேன். மத்தியானம். பட்டறையில் அண்ணன் மட்டும் இருந்தான். எண்ணெய்த் துணியில் கை துடைத்தான். "கிளவுஸ் வெச்சிருக்கியா?" என்றான். இருக்கு என்றேன். "போடு."

இரண்டு கைக்கும் அவனே கட்டினான். கயிறு ஓட்டையில் சரியாக நுழையவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாதாம். விரலால் தடவித் தடவிக் கோத்தான். இரட்டை முடிச்சு.

"கையை நீட்டு" என்றான். நீட்டினேன். அப்போது புரிந்துவிட்டது. இறக்கவில்லை.

முதல் அடி விலாவில். மூச்சு போய்விட்டது. அடுத்தது வாயில். இரும்பு பிடித்த கை. பல் உடைந்து நாக்கில் கிடந்தது. மூன்றாவது கன்ன எலும்பில். மேஜைமேல் சாய்ந்து இரும்புத் தூளில் விழுந்தேன். ரத்தம் கண்ணுக்குள் போனது. துடைக்கப் பார்த்தேன்.

"துடைக்க வருதா?" என்றான்.

"வரல."

"ஆமா. வராது."

அப்புறம் அவனும் தரையில் உட்கார்ந்தான். முடிச்சு ரத்தத்தில் இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தான். வலது கை. இடது கை. அழுதுகொண்டே அவிழ்த்தான். "கண்ணு போனதுக்கு இல்லடா" என்றான். "ரயில் ஏறிப் போனியே, அதுக்கு." மூக்கை உறிஞ்சினான். "போனவன் ஜெயிச்சுட்டாவது வந்திருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்து விலா வலித்தது. அண்ணன் அதே எண்ணெய்த் துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டான்.

மார்ச் 20, வெள்ளி

வீட்டில் இருக்கிறேன். ஞாயிறன்று சபையில் கடைசி வரிசையில் உட்காரலாமா என்று போதகரிடம் கேட்டேன். உட்காருங்க என்றார்.

காலையில் பல் டாக்டர். இரண்டு பல் எடுத்தார். எப்படி ஆனது என்று கேட்டார். மேடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டு ஆறு நாள்தான் ஆகிறது. இனி வாயில் பொய் வராது என்று மனைவிக்கு வாக்கு வேறு கொடுத்திருந்தேன். டாக்டரிடம் ஒன்று சொன்னேன், எழுதிக்கொண்டார்.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டான். பதினான்கு வருடத்தில் முதல் போன்.

"டாக்டர் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"இரும்புக் கம்பத்துல மோதிக்கிட்டேன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதை அணைத்தான்.

"அந்தக் கம்பத்தை இன்னும் யாரும் புடுங்கலையா?" என்றான்.