நாற்பத்து மூன்றாவது இனமாக விற்கப்பட்ட என் முகம்

அனுப்புநர்:
மா. இசக்கிசெல்வி,
ஒன்பதாம் வகுப்பு,
தாராவி, மும்பை.
(பள்ளி முகவரி உறையின் பின்புறம் உள்ளது. வீட்டுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.)

பெறுநர்:
மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மும்பை.

பொருள்: கடை விற்பனைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட என் முகத்தை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கு வந்தபோது, எந்தப் பிள்ளையும் தன் குறையைத் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம் என்று தாங்கள் தமிழிலேயே சொன்னீர்கள். அதை நம்பி, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, குளியலறையில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வாளியின் குற்றம்.

1. நான் வானமாமலை ஸ்டோர்ஸ் குடும்பத்துப் பெண். தாத்தா வானமாமலை 1976-இல் தாராவியில் தொடங்கிய கடை, சோப்பு முதல் சூட்கேஸ் வரை விற்று ஆறு கடைகளாக வளர்ந்தது. பிறகு, பத்து நிமிடத்தில் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் கைப்பேசிக் கடைகள் வந்தன. கோவண்டி, வடாலா, மாஹிம் கடைகளை வரிசையாக மூடினோம். எங்கள் அம்மாவே ஒருநாள் கைப்பேசியில் கொத்தமல்லி வரவழைத்து, அப்பா கண்ணில் படாமல் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தார். மீதமிருந்த தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கடைகளை இம்மாதம் பெங்களூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது.

2. என் அப்பா மாரீஸ்வரன் இப்போது தன் சொந்தக் கடையில் இரண்டு வருட ஆலோசகர். கழுத்தில் அட்டை தொங்குகிறது. வாசல் காவலர் பூதத்தான் மாமா புது விதிப்படி அப்பாவின் பையைச் சோதிக்க வேண்டும். முதலில் சல்யூட் அடிக்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையை விட்டு, "மொதலாளி, இன்னைக்கும் புளிச்சோறுதானா?" என்று கேட்கிறார். இது என் புகார் அல்ல. என் புகார் கீழே உள்ளது.

3. எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பிள்ளைக்கு முதல் பால்பல் விழுந்தவுடன் படம் பிடித்துக் கடைப் பையில் அச்சடிப்பார்கள். பொக்கை வாய் சிரிப்பைப் பார்த்தால் விலையில் ஏமாற்று இருக்காது என்று சனங்கள் நம்புவார்களாம். முதலில் அப்பாவின் முகம், பிறகு பெரியப்பா மகன் மாரிக்கண்ணன் அண்ணனுடையது, ஏழு வருடங்களாக என்னுடையது. எனக்குப் பின் வீட்டில் பிள்ளை இல்லாததால் துணிப்பைகளில் நானே நிற்கிறேன். மாஹிம் மீன் சந்தையில் என் நெற்றிக்கு மேல் வாவல் மீனின் வால் ஆடுவதைக் கண்டிருக்கிறேன். என் தோழி ஆஸியா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு வருடமாகிறது. "ஏ தைலி, இதர் ஆ!" என்பாள். இந்தியில் தைலி என்றால் பை; பையே, இங்கே வா என்கிறாள்.

4. கடையில் உள்ளதையெல்லாம் எழுதித் தருமாறு கம்பெனி வக்கீல் கேட்டார். எதையும் விட்டுவிடக் கூடாது என்று அப்பா வருடாந்திர இருப்பு எடுப்பதுபோலவே எழுதினார். 42: எலிப்பொறி, பன்னிரண்டு. 43: பைக்கான படம், செல்வி முகம், ஒன்று. 44: உடைந்த ஏணி. அப்பாவுக்கு என் முகமும் கடைச் சாமான்தான். வக்கீல் 43-க்குப் பக்கத்தில், 'இப்போதுள்ளதும் இனி எடுக்கப்படுவதும்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டார். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வீட்டிலிருந்த நகலில் ஏணிக்கு மேலே என் பெயரைக் கண்டதும் எனக்கு வந்த சிரிப்பில் துண்டை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

5. வரும் ஞாயிறு செம்பூர் கடையில் புதிய படம் எடுக்கிறார்கள். வடாலாவில் மோனோரயிலுக்கு எதிரே நாற்பதடி உயரத்தில் வைப்பார்களாம். கம்பெனி அதிகாரி வந்தனா மேடம், மாட்டுங்காத் தமிழர், "அதே சிரிப்பு வேணும்மா. முன்பல்லை மட்டும் கம்ப்யூட்டர்ல எடுத்துடலாம், வலிக்காது" என்றார். அப்பா, "ஏட்டி, ஒரு மணி நேரம் சிரிச்சிட்டு வந்திரு, அம்புட்டுதான்" என்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

6. அம்மா, இதுவரை யாரிடமும் சொல்லாததைத் தங்களிடம் சொல்கிறேன். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். அன்று பல் விழுந்தபோது வாயெல்லாம் ரத்தம். மற்றப் பற்களும் வரிசையாக விழுந்துவிடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைத்தான் படம் பிடித்தார்கள். ஞாயிறு அன்றும் நிச்சயம் சிரிப்பேன். 'பிள்ளைக்குச் சம்மதம்' என்று எழுதிக்கொள்வார்கள். தயவுசெய்து என் சிரிப்பை என் சம்மதமாக எடுத்துக்கொள்ள யாரையும் விடாதீர்கள்.

7. கடைகளைத் திருப்பிக் கேட்கவில்லை. அப்பாவின் அட்டைக்கும் பூதத்தான் மாமாவின் வேலைக்கும் எதுவும் வரக் கூடாது. அந்தப் பயத்தில்தான் மூன்று இரவுகளாக எழுதிக் கிழித்தேன். ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் பைகளும் இருக்கட்டும், மீன் வாங்கட்டும். பட்டியலில் 43-ஐ மட்டும் அடித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கம்பெனிக்கு ஓர் உத்தரவு அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எலிப்பொறிக்கு அடுத்து ஏணி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இடம்: தாராவி
நாள்: 12.02.2026

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மா. இசக்கிசெல்வி

இணைப்பு: பட்டியலின் நகல், ஒரு பக்கம். மனுதாரரின் புகைப்படம் இணைக்கவில்லை. அடையாளத்துக்கு அவசியம் வேண்டுமானால், தங்கள் அலுவலகத்தில் யாராவது சாப்பாடு கொண்டுவந்த பையைப் பார்க்கவும். 43-ஐ அடித்த பிறகு, இனி எடுக்கப்படும் படத்தை நானே கொண்டுவந்து தருவேன். அதில் சிரிக்க மாட்டேன்.