ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும்

மச்சான்,

இன்று காலை டேப்லெட் சீட்டாட்டத்தில் மறுபடியும் அந்தக் கேள்வி வந்தது. நாலாவது சீட்டு விழுவதற்குள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆள் காணாமல் போய்விட்டான். எந்த நாட்டுக்காரனோ தெரியாது, முகத்துக்குப் பதிலாக ஒரு பூனைப் படம் வைத்திருந்தான். திரை நடுவில் ஒரு கட்டம் எழுந்து, உங்கள் பார்ட்னர் பதில் தரவில்லை, அவர் இடத்தில் ரோபோவை உட்கார வைக்கலாமா என்று இங்கிலீஷில் கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். என் விரல் மேலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

நீ போன பிறகு ஆறு மாதம் பிரிட்ஜ் ஆட்டத்தைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். திட்டாதே. மகன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு வருகிறான். ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவை எத்தனை தடவைதான் சுற்றிவருவது? மூன்று ரோபோக்களோடு ஆடினேன். அவை பாதியில் எழுந்து போகாது, அதனால் அந்தக் கேள்வியும் வராது. மனிதர்களோடு உட்கார்ந்தது இன்றைக்குத்தான். உட்கார்ந்த அன்றைக்கே கேட்டுவிட்டது.

உன் முகத்தைப் பார்ப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே எனக்கு உன் மணியைத் தெரியும். தங்கச் சுரங்கத்தில் நான் மேலே இன்ஜின் ரூமில், கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் டிரைவர். நீ பூமிக்குள்ளே ஏதோ ஒரு லெவலில் நின்றுகொண்டு, அந்த இரும்புக் கூண்டுக்குள் ஆட்களை ஏற்றி, கதவைச் சாத்தி, மணி அடிக்கிறவன். உன்னை நான் பார்க்க முடியாது, என்னை நீ பார்க்க முடியாது. நடுவில் இருந்தது மணி ஒன்றுதான். ஏற்று என்பதற்கும் இறக்கு என்பதற்கும் உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கும் தனித்தனிக் கணக்கு. ஒரே ஒரு மணி என்றால் நில்.

நான் பழகிய காலத்தில் என் ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றைத்தான். "ஒரு மணி அடிச்சா நில்லு. யாரு அடிச்சாங்க, இன்னாத்துக்கு அடிச்சாங்கன்னு அப்பறமா கேட்டுக்கோ. மொதல்ல நில்லு." முப்பது வருஷம் நான் நின்றேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நாம் முதலில் சந்தித்ததே ஒரு மணியால்தான். கேஜ் கிளம்பி ஓர் ஆள் உயரம்கூட ஏறியிருக்காது, உன் ஒற்றை மணி வந்தது. பிரேக்கைப் போட்டேன். ஒருத்தனுடைய கழுத்துத் துண்டு கதவில் சிக்கியிருந்ததாம். ஷிஃப்ட் முடிந்து, தலையில் விளக்குத் தொப்பியோடு நீ இன்ஜின் ரூம் வாசலில் வந்து நின்றாய். "இன்னா டிரைவரு, பயந்துட்டியா? உன் கை நல்ல கை. அடிச்ச சத்தம் அடங்கறதுக்குள்ள நின்னுடுச்சி." அன்றிலிருந்து சாகும்வரை நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

பிரிட்ஜ் உன் தாய்மாமன் கொண்டுவந்த வம்பு. அவர் ஆபீஸர் கிளப்பில் பட்லர். தட்டை ஏந்திக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நின்றே அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். நம் லைன் வீடுகளில் எல்லாரும் ரம்மி ஆடிக்கொண்டிருக்க, நீயும் நானும் மட்டும் துரைமார் ஆட்டம் ஆடுகிறோம் என்று எத்தனை கேலி! ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையின் பின்னறை. எதிரணியில் ஸ்கூல் டீச்சரும் மருந்துக்கடைக்காரரும். எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் ஒரு கட்சி, ஆனால் கையில் என்ன சீட்டு என்று வாய் திறந்து சொல்லக்கூடாது. ஏலம் கேட்கிற தினுசிலேயே புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அது புதிதா? ஏலம் முடிந்ததும் ஒருத்தன் தன் சீட்டையெல்லாம் மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அவனுக்கு டம்மி என்று பெயர். அவன் சீட்டையும் சேர்த்து எதிரே இருக்கும் பார்ட்னர் ஆடுவான். டம்மிக்கு வாயும் கிடையாது, கையும் கிடையாது. நீ டம்மியானால் எழுந்துபோய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வருவாய். நான் டம்மியானால் உட்கார்ந்த இடத்தில் கால் ஆட்டுவேன். "டம்மின்னா பொறுமையா குந்தணும் டிரைவரு. உனுக்கு அது வராது" என்பாய்.

சீட்டைப் போடுமுன் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் நீ ஒற்றை விரலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவாய். ஒரே தட்டு. நான் கால் ஆட்டுவதை நிறுத்திவிடுவேன். டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. பார்ட்னருக்கு ஜாடை காட்டுகிறாய், இது கள்ள ஆட்டம் என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டார். "அய்ய, சீட்டுக்கு இல்ல சார் அது. ஒரு மணி. கொஞ்சம் நில்லுன்னு அர்த்தம், அவ்ளோதான்" என்று நீ எவ்வளவோ சொன்னாய். அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யோசிக்கும்போதெல்லாம் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். "இன்னா மச்சான், கைய கேஜ்ல போட்டு மூடிட்டியா?" என்று நான் சிரித்தேன். நீ தட்டுவதை விட்டாய், நான் அந்தத் தட்டை மறந்தேன்.

சுரங்கத்தை மூடினார்கள். டீச்சர் மகளோடு ஓசூருக்குப் போனார், மருந்துக்கடைக்காரர் காலமானார். இரண்டு பேரை வைத்துக்கொண்டு பிரிட்ஜ் ஆட முடியாது. பல வருஷம் கழித்து என் மகன்தான் நம் இருவருக்கும் டேப்லெட்டில் இந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தான். நீ நந்திதுர்க்கில் உன் வீட்டில், நான் இங்கே ஆண்டர்சன்பேட்டையில். எதிரணியில் உலகத்தில் யாராவது, யாரும் கிடைக்காவிட்டால் ரோபோ. உனக்கு அதற்குள் நெஞ்சு முழுக்கச் சுரங்கத் தூசி, வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்கும். ஆனால் மேஜையில் உன் சேட்டை குறையவில்லை. ஆட்டம் ஜெயித்தால் அரட்டைப் பெட்டியில் 'ஸ்தோத்திரம்' என்று அனுப்புவாய். அது என்ன ஏலம் என்று ஒரு வெள்ளைக்காரி என்னிடம் கேட்டாள். ரோபோவைப் பற்றி நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "நல்லாத்தான் ஆடுது டிரைவரு. ஆனா அதுக்கு மூச்சு வாங்காதே. மூச்சு வாங்காதவன் இன்னொருத்தனுக்காக எப்டி நிப்பான்?"

இனி அந்தச் சனிக்கிழமை. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

நீ நாலு இஸ்பேட் கேட்டு எடுத்தாய். நான் டம்மி. எதிரணியில் முகம் தெரியாத இரண்டு பேர். ஆறு பிடி எடுத்தாய், ஏழாவதுக்கு நின்றுவிட்டாய். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நான் இங்கே கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். உன் பெயருக்கு நேரே அரட்டைப் பெட்டியில் ஓர் எண் வந்தது. 1. வேறொன்றும் இல்லை.

கொஞ்ச நாளாகவே ஏலத்தைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல் நீ அரட்டைப் பெட்டியில் தட்டிவிடுவதுண்டு. இதுவும் அப்படித்தான், ஏலம் முடிந்துபோனதுகூட உனக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். மறுபடி 1 வந்தது. எதிரணி ஆள் என்னிடம், உன் பார்ட்னர் தூங்குகிறாரா என்று கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மச்சான். ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு முன்னால் உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். மேஜையைத் திறந்தவன் நான் என்பதால் திரை என்னைத்தான் கேட்டது, ரோபோவை உட்கார வைக்கலாமா என்று. ஆம் என்று அழுத்தினேன்.

ரோபோ தயங்காமல் மீதிச் சீட்டை ஆடி, ஏலத்துக்கு வேண்டிய பத்துப் பிடியையும் எடுத்துவிட்டது. நான் உனக்கு எழுதினேன், 'பார்த்தியா மச்சான், உன்னவிட ரோபோ மேலு.' சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

மதியம் உன் மனைவி மேரி போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உன் வாயில் ஆக்சிஜன் மாஸ்க். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் போய்விட்டாய்.

அடக்கம் முடிந்த மறுவாரம் மேரி என்னைக் கேட்டாள். "அண்ணே, கடசியா மாஸ்க்க நவுத்திட்டு ஒரே பேச்சு பேசனாரு. 'டிரைவரு நிக்கலடி'ன்னாரு. இன்னா அர்த்தம் அண்ணே அது?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த 1 ஏலம் இல்லை. மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது உனக்கு வேறு எழுத்து அடிக்கத் தெம்பில்லை. தெரிந்த ஆளுக்கு, தெரிந்த மணியை அடித்தாய். இந்த உலகத்தில் அது புரியவேண்டியவன் நான் ஒருவன்தான். அடித்த மணி கேட்டும் கேஜை ஓட்டிவிட்டேன்.

மேரியிடம் பொய் சொன்னேன். "பழைய மைன்ஸ் ஞாபகம்மா அது. கனவு கண்டிருப்பாரு." அவள் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாள். எட்டு மாதமாக அவள் வீட்டுப் பக்கம் சரியாகத் தலைகாட்டவில்லை. சபையில் பார்த்தாலும் வேறு வாசல் வழியாகப் போய்விடுவேன்.

இன்று காலை அந்தப் பொத்தானை நான் அழுத்தவில்லை. ஆம் என்பதையும் அழுத்தவில்லை, இல்லை என்பதையும் அழுத்தவில்லை. எதிரணி ஏதேதோ திட்டி எழுதியது. கடைசியில் அவர்களும் எழுந்து போனார்கள். பூனைக்காரன் வரவே இல்லை. காலி மேஜையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து நந்திதுர்க்குக்குப் போனேன்.

மேரி வாசலில் துணி காயவைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்றாள். உட்காராமலே சொல்லிவிட்டேன். ஒரு மணி என்றால் என்ன, அந்த 1 என்ன, நான் அழுத்தியது என்ன, எழுதியது என்ன, அப்புறம் சொன்ன பொய் என்ன, எல்லாவற்றையும். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றாள். பிறகு சொன்னாள். "நான் பின்னால பாத்திரம் தேச்சிக்கினு இருந்தேன் அண்ணே. மேஜய தட்டற சத்தம் கேட்டுச்சி. டொக்குனு ஒன்னு. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொன்னு. பழையபடி ஆட்டத்துல தட்டறாருன்னு நெனச்சிக்கினேன். கைய தொடச்சிக்கினு வந்து பாத்தா, கை கீழ தொங்குது. டேப்லெட்ல சீட்டு மட்டும் தானா வுழுந்துக்கினு கீது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானுந்தான் நிக்கல அண்ணே. யாருகிட்ட போய் சொல்வேன் இத?"

நீ உட்கார்ந்து ஆடிய, ஒரு கால் உடைந்த அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இன்னும் மேஜைக்கு முன்னால் அப்படியே முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். நான் கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்றாள். வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து டேப்லெட்டைத் திறந்தேன். பழைய அரட்டை இன்னும் அழியாமல் இருக்கிறது. உன் 1, அதன் கீழே இன்னொரு 1, அதன் கீழே என் கேலி. நம் சுரங்கத்தில் மணி கேட்டால் கேட்டது என்று திருப்பி அடிப்போம், ஞாபகமிருக்கிறதா? நானும் ஒரு 1 போட்டேன். எட்டு மாதம் தாமதம்.

கேஜை நிறுத்திவிட்டேன், மச்சான். கதவைத் திறந்தால் உள்ளே நீ இல்லை.