கன்னடத்தில் இருந்த கல்யாணம்

ஓசூர்
12-11-2004

அன்புள்ள அம்மா,

தாத்தா பாட்டியின் கல்யாணப் பதிவு கிடைத்துவிட்டது!

"அப்பன் தாலி கட்டாம பொறந்தவதானே" என்று அத்தை உன்னைச் சொல்லும்போதெல்லாம் நீ எழுந்து போவாய். அதனால்தான் உன்னிடம் சொல்லாமலே இரண்டு வருடம் தேடினேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்று கர்நாடக எல்லையோரம் தளி ஊரில் ஒரு கோயிலின் பழைய பதிவேட்டைப் புரட்டினோம். எல்லாம் கன்னடம். எனக்காகப் படித்துக்கொண்டிருந்த கம்பெனித் தோழி ரேணுகா திடீரென்று கத்தினாள்.

"ஏய், உங்க தாத்தா பேரு இங்க இருக்குடி!"

1948, வைகாசி. முனியப்பா, கெம்பம்மா. பாட்டியின் கைநாட்டுகூட இருக்கிறது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதேன்.

என் கல்யாணப் பத்திரிகையில் "முனியப்பா - கெம்பம்மா தம்பதியரின் பேத்தி" என்று அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். முதல் பத்திரிகையை அத்தை கையில் நீயே கொடு அம்மா.

உன் மகள்