உள்பக்கத் தாழ்ப்பாள்

அக்டோபர் 23, 2006. திங்கள்

குளிர் ஆரம்பிச்சாச்சு. ஹீட்டர் போட்டதும் தூசி கருகுற வாசனை. தீபாவளி போன சனிக்கிழமை வந்துட்டுப் போச்சு. இந்த வருஷமும் எண்ணெய்ச் சட்டி வைக்கல.

வாங்க: பால், முட்டை, டாய்லெட் பேப்பர், விருந்தாளிக்குப் புதுத் துண்டு.
செய்ய: மாடி ரூம்.

மாடி ரூம்னு எழுதிட்டேன். சௌமி ரூம்னு எழுதக் கை வரல. ரெண்டு வருஷமா மூடியே கிடக்கு. அவ ஏழாம் கிளாஸ் படிக்கும்போது, காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு மூணு பேராப் போனோம். திரும்பி வந்தது நானும் இவரும்.

எல்லாம் பாஷா பாய் பண்ற வேலை. தமிழ்ச் சங்கத்துப் பொருளாளர். ஆப்பிரிக்காவுல, மலாவியில ஒரு கேர்ள்ஸ் ஸ்கூலுக்கு ஹாஸ்டல் கட்டச் சங்கம் பணம் சேர்க்குது. சௌமி காலேஜுக்குன்னு போட்டு வெச்சதை நாங்க அப்படியே தர்றோம். அந்த ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வாரம் வர்றாங்களாம். உங்க வீட்டுல தங்கட்டுமான்னு பாய் கேட்க, இவர் "அதுக்கென்ன பாய், தாராளமா"ன்னுட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கல. நான் என்ன சத்திரமா நடத்தறேன்?

சண்டை போட்டேன். "ஹாஸ்டல் சௌமி பேர்ல வருதில்ல வசந்தி"ன்னார்.

ஹாஸ்டல் வாசல்ல மாட்டப் போற தகடை எடுத்துப் பார்த்தேன். பித்தளை. 'சௌமியா நினைவு மாணவியர் விடுதி'. கீழே அதையே இங்கிலீஷ்ல. சென்னையில பொறிச்சது. நாத்தனாரோட மாமியார் பெட்டியில ஆவக்காயோட ப்ளைட் ஏறி வந்துது. எண்ணெய் கசிஞ்சு, எத்தனை புளி போட்டுத் தேய்ச்சும் வாசனை போகல. ஆனா பளபளன்னு இருக்கு. அடிக்கடி எடுத்துத் தொட்டுப் பார்த்துக்கறேன்.

அக்டோபர் 24. செவ்வாய்

தூறல். இவர் பார்சிப்பனியில இருக்கிற ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு ஏர்போர்ட் போய்க் கூட்டிட்டு வந்தார். பேர் எஸ்தர். என் வயசுதான் இருக்கும். நல்ல உயரம், கனத்த குரல். மேல ஒரு ஸ்வெட்டர்கூட இல்ல. என்னோடதைக் குடுத்தேன், கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழயே நின்னுடுச்சு.

காரை விட்டு இறங்கினதும் எதிர்வீட்டுப் புல்வெளியையே பார்த்துட்டு நின்னாங்க. ஹாலோவீன்னு இங்க வர்ற பேய்ப் பண்டிகைக்கு அட்டைக் கல்லறை, மரத்துல வெள்ளைத் துணிப் பேய். "யார் செத்துட்டாங்க?"ன்னு கேட்டாங்க. யாரும் இல்ல, சும்மா விளையாட்டுன்னார் இவர். அவங்க சிரிக்கல.

சௌமி விஷயம் அவங்களுக்குத் தெரியவே தெரியாதாம். பாய் சொல்லியிருப்பார்னு இவர் இருந்திருக்கார், இவர் சொல்லுவார்னு பாய். நல்ல ஆம்பளைங்க.

அக்டோபர் 25. புதன்

வெளியே எப்படி இருந்துதுன்னு பார்க்கல.

காலையில அடுப்படியில நிக்கறேன். தலைக்கு மேல நடக்குற சத்தம். கட்டில்லேர்ந்து ஜன்னலுக்கு. ஜன்னல்லேர்ந்து அலமாரிக்கு. அலமாரிப் பக்கம் கார்பெட்டுக்கு அடியில பலகை கிரீச்சுனும். அதே கிரீச். கரண்டி கையை விட்டுப் போச்சு.

ஸ்கூல் பஸ் தெருமுனைக்கு வர்ற நேரம் வேற. பஸ் சத்தம் கேட்டா இவர் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுக்குவார், காதுல விழக் கூடாதுன்னு. இன்னிக்கு எல்லாம் ஒண்ணா. பைத்தியம் பிடிக்காம இருந்தாச் சரி.

மேல போனா, மேஜையை ஜன்னல்கிட்ட நகர்த்தியிருக்காங்க! சௌமியோட ஊதாத் துண்டு அவங்க தோள்ல! நான் வெச்ச புதுத் துண்டு மடிப்புக் கலையாம இருக்கு. பிடுங்கிட்டேன். ஆமா, பிடுங்கித்தான் எடுத்தேன்.

"அது என் பொண்ணோடது."
"ஓ, ஸாரி. ஸ்கூலுக்குப் போயிருக்காளா?"
"செத்துட்டா."

அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வந்தது இதுதான் முதல் தடவை. இவ்வளவு நாளும் 'போயிட்டா', 'இல்ல'ன்னே ஓட்டிட்டிருந்தேன்.

எஸ்தர் அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. அவங்க ஊர்ல துக்க வீட்டுல பொம்பளைங்க அப்படித்தானாம். நானும் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியில ஒரு ஹேர் கிளிப் கிடந்துது. எடுக்கல.

அக்டோபர் 26. வியாழன்

நல்ல வெயில். நெத்திலிக் கருவாடு வறுத்தேன். ஜன்னலெல்லாம் திறந்து, ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டி. சௌமி இருந்தா, "அம்மா, இட் ஸ்டிங்க்ஸ்!"னு மூக்கைப் பிடிச்சுட்டு கராஜுக்கு ஓடியிருப்பா. எஸ்தர் தலையோட மென்னு தின்னாங்க. அவங்க ஊர் ஏரியிலயும் இதே மாதிரி பொடி மீன் உண்டாம், இதே மாதிரி காய வைப்பாங்களாம். சோத்தைப் பிசைஞ்சு உருட்டின அழகைப் பார்க்கணுமே. இவரே ஸ்பூனைக் கீழ வெச்சுட்டுக் கையால சாப்பிட்டார்.

சாப்பிட்டுட்டே எஸ்தர் சொன்னது: பொண்ணுங்க வீடு ரொம்ப தூரம். தினம் நடந்து வர முடியாது. ஸ்கூல் பக்கத்துல ஓட்டை ரூம் ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சுத் தங்குதுங்க. சௌமி வயசுப் பிள்ளைங்க, தனியா, தானே பொங்கித் தின்னுட்டு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்காது. வீட்டுக்காரன் போட விட மாட்டான். குறுக்க மண்வெட்டியைச் சாத்தி வெச்சுட்டுத் தூங்கணும். வயித்துல வாங்கிட்டு நின்னு போற பொண்ணு உண்டு. பயந்தே நின்னு போற பொண்ணு உண்டு. நின்னா உடனே கல்யாணம்.

"நல்லாப் படிக்கிறவதான் முதல்ல போவா. அவதான் ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றவ."

இவர் நிமிரவே இல்ல. மீன் முள்ளைத் தட்டோரமா அடுக்கிட்டே இருந்தார்.

அக்டோபர் 27. வெள்ளி

மேகம். இடுப்பு வலி.

தகடைக் குடுத்துட்டேன். நாளைக்குச் சங்கத்து டின்னர்ல மேடையில குடுக்கலாம்னு பாய் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கல.

எஸ்தர் இங்கிலீஷ் வரியைப் படிச்சாங்க. 'மெமோரியல்' வந்ததும் விரல் நின்னுது. முகம் மாறிப் போச்சு.

"இதை நான் மாட்ட முடியாது, வசந்தி."

அங்க ஏற்கனவே சின்னதா ஒரு ஹாஸ்டல் இருந்துதாம். அதுல ஒரு பொண்ணு மலேரியாவுல செத்துட்டா. கொஞ்ச நாள்ல ஒருத்தி, செத்தவ கதவோரம் நிக்கறாள்னு அலறியிருக்கா. பின்னாடியே எல்லாரும் அலறி மயங்கி விழுந்திருக்காங்க. அப்பா அம்மாவெல்லாம் வந்து மூட்டையைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாதிப் பொண்ணுங்க திரும்பி வரல. இப்ப அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கு. வாசல்ல செத்த பிள்ளை பேர் இருந்தா ஒருத்தியும் உள்ள படுக்க மாட்டா. "உயிரோட இருக்கிற உங்க பேரைப் போடுங்க, போதும்"னாங்க.

வந்துதே எனக்கு ஆத்திரம்! "என் சௌமியைப் பார்த்து யாராவது பயப்படறதா? பக்கத்து வீட்டுப் பூனைகூட அவ மடியிலதான் வந்து படுக்கும்! எங்க பணம் வேணும், எங்க பொண்ணு வேணாமா?" தொண்டை கிழியக் கத்தினேன்.

மாட்டறேன்னு பொய் சொல்லிட்டுப் பணத்தை வாங்கிட்டுப் போக மாட்டேன்னாங்க. இந்தப் பணத்தை நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தாங்க.

என் பேராம். நான் உயிரோட இருக்கேன்னு யார் சொன்னது?

அக்டோபர் 28. சனி

பேய்க் காத்து. எதிர்வீட்டுத் துணிப் பேய் கயிறு அறுந்து எங்க மெயில்பாக்ஸ்ல வந்து மாட்டிக்கிச்சு. இவர் எடுத்துட்டுப் போய்த் திரும்பக் கட்டிட்டு வந்தார். வேற வேலை இல்ல மனுஷனுக்கு.

ஸ்கூல் கேஃபடீரியாவுல டின்னர். பிரியாணியில உப்பு இல்ல. காதுல விழுந்தது:
"நம்ம ஊர்லயே ஆயிரம் இருக்கு, ஆப்பிரிக்காவுக்கு எதுக்குங்க?"
"டாக்ஸுக்கு ரசீது தருவாங்களா?"
"பார்க்கிங் அந்தப் பக்கமும் இருக்கு."

ஒரு ஆன்ட்டி தகடைக் காட்டுன்னு பிடிச்சுக்கிட்டாங்க. மறந்துட்டேன்னு சொன்னேன். எஸ்தர் மேடையில பேசினாங்க. சௌமி பேரை எடுக்கல. எடுத்திருந்தாலும் கோவம் வந்திருக்கும், எடுக்காததுக்கும் வந்துது.

வீட்டுக்கு வந்து, எஸ்தர் மேல போனதும் இவர் மெதுவா, "நீ எப்படிச் சொல்றியோ அப்படி"ன்னார். எப்பவும் இதே பாட்டு. ஒரு தடவையாவது நீங்க சொல்லித் தொலைங்களேன்னேன்.

"எனக்கு அவ பேரைச் செவுத்துல பார்க்க வேணாம் வசந்தி."

இத்தனை நாள் எங்க வெச்சிருந்தார் இதை?

அக்டோபர் 29. ஞாயிறு

குளிர்காலக் கணக்குக்குக் கடிகாரத்தைப் பின்னால வெச்சாச்சு. பின்னால போக ஒரு மணி நேரம்தான் விடறாங்க.

எஸ்தர் கிளம்பற நாள். மேல நடக்குற சத்தம். ஜன்னல், அலமாரி, கிரீச். கீழ நான் வழிக்கு இட்லி கட்டிட்டிருக்கேன், மிளகாய்ப்பொடி தடவி. இவர் பாத்ரூம்ல. வெளியே ஏர்போர்ட் வேன் ஹார்ன். அவ்வளவுதான். வாய் தானா:

"சௌமீ! பஸ் வந்துடுச்சு, இறங்கு!"

மேல சத்தம் நின்னுது. பாத்ரூம்ல தண்ணியும் நின்னுது.

அப்புறம் மாடியிலேர்ந்து, "கமிங்!"

பெட்டியைத் தூக்கிட்டுத் தடதடன்னு இறங்கி வந்தாங்க எஸ்தர். எந்தப் பேரைக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சுதான் பதில் சொல்லியிருக்காங்க, கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது. அந்த ஒரு நிமிஷம், படியில யார் இறங்கி வரப் போறாங்களோன்னு நடுங்கிட்டேன். பெத்தவ நான். என் பொண்ணுக்கு நானே பயந்துட்டேன்.

என்னைச் சேர்த்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. தகடு பத்தி ரெண்டு பேரும் வாய் திறக்கல. ஸ்வெட்டரைக் கழட்ட வந்தாங்க, வெச்சுக்கங்கன்னேன். வேன் திரும்பற வரைக்கும் நின்னுட்டு வந்தேன். அன்னிக்கு நான் அங்கயே விட்டுட்டு வந்த ஊதாத் துண்டை அவங்க கட்டில் மேல மடிச்சு வெச்சிருந்தாங்க.

அக்டோபர் 30. திங்கள்

புல்லெல்லாம் உறைபனி. பால் தீர்ந்து போச்சு.

பஸ் வந்துது. மாடிப்படிக் கீழ நின்னு கூப்பிட்டேன். இன்னிக்கு வாய் தவறல, தெரிஞ்சேதான் கூப்பிட்டேன். பதில் இல்ல. பஸ் போச்சு.

அவ இருந்த வரைக்கும் அவளைப் பார்த்து யாரும் பயந்ததில்ல. இனிமேலும் யாரும் பயப்பட வேண்டாம்.

பாஷா பாய்க்கு ஃபோன் பண்ணினேன்.

"பணத்தை அனுப்பிடுங்க பாய். பேர் வேணாம்."
"சரிக்கா. அப்போ செவுத்துல என்ன போடச் சொல்லட்டும்?"
"செவுத்துல ஒண்ணும் வேணாம். கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க. உள்பக்கம். எல்லாக் கதவுக்கும்."