இடக்கைக்கு ஓர் ஆள்

அவாஜித் தீவு
3 மார்ச் 1987

அன்புள்ள இசாகு,

வெங்காயக் கூடை வந்து சேர்ந்ததா? வந்தது என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

சேதி ஒன்று உண்டு. போன வருஷம் எங்கள் பெண்கள் குழுவின் பொம்மலாட்டத்தைப் பார்த்த பாரிஸ் நாடகக்காரர்கள், நம்மைப் போலவே மூன்று பேர் சேர்ந்து பிடித்து ஆட்டும் திமிங்கிலப் பொம்மை ஒன்றைச் செய்திருக்கிறார்களாம்! இரண்டு வருஷம் வந்து சொல்லிக்கொடு என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். "பொம்பளைப் பொம்மைக்குக் காலே இல்லையே, எப்படி நடக்கும்?" என்று அன்றைக்குக் கேட்டார்கள். அதன் கிமோனோ அங்கியின் ஓரத்தைக் கிள்ளி நடத்திக் காட்டினேன். வாயைப் பிளந்துவிட்டார்கள்.

சொல்லிக்கொடுக்க நம் பொம்மை ஒன்றையும் கொண்டுபோகிறேன். அதன் தலையும் வலக்கையும் நான் பிடிப்பேன். காலுக்கு அங்கே யாரையாவது பழக்கிக்கொள்ளலாம். இடக்கைக்குத்தான் ஆள் இல்லை. யோசித்து எழுதுங்கள்.

உங்கள் கினுயோ

*

ஒசாகா
12 மார்ச்

அன்புள்ள கினுயோ,

வெங்காயம் என்ன தித்திப்பு! பச்சையாகவே தின்று தீர்த்தேன்.

பாரிஸ் சேதி கேட்டுச் சந்தோஷம். கவலையை விடு. எங்கள் குழுப் பையன் கென்பெய்யை அனுப்புகிறேன். என்னைப் போலவே இடக்கை பிடிப்பவன், கெட்டிக்காரன். தலை பிடிப்பவரின் தோள் லேசாக அசைந்தால் போதும், சொல்லாமலே புரிந்துகொள்வான்.

இசாகு

*

அவாஜி
17 மார்ச்

இசாகு அவர்களுக்கு,

கென்பெய்யாவது, மண்ணாங்கட்டியாவது!

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மசாயோ அக்காவிடம் காட்டினேன். "இந்த ஆளு மண்டைக்குள்ள என்ன, மரமா?" என்றாள். "மரமா இருந்தா செதுக்கிச் சரி பண்ணிருப்பேனே அக்கா" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

ஆள் வேண்டியது பொம்மைக்கு மட்டுமில்லை, எனக்கும்தான். போதுமா? மே மாதம் புறப்படுகிறேன். இப்போது வந்தால், தலை பிடிக்கும் மூத்தவராகி, கறுப்பு முக்காடு இல்லாமல் முகம் காட்டி ஆடும் உங்கள் முறை தள்ளிப்போகும் என்று தெரியும். வராவிட்டால் கோபிக்க மாட்டேன். ஆனால் கென்பெய்யை அனுப்பாதீர்கள்.

கினுயோ

*

ஒசாகா
21 மார்ச்

கினுயோ,

இத்தனை வருஷம் கறுப்பு முக்காட்டுக்குள் நின்று, அடுத்தவர் தோளையே பார்த்துப் பழகிவிட்டேன். காகிதத்தில் நீ தோளை அசைத்தது எனக்குத் தெரியவில்லை. மரமண்டைதான். மசாயோ அக்காவிடம் ஒப்புக்கொண்டேன் என்று சொல்.

எங்கள் குருவிடம் விஷயத்தைச் சொல்லி விடை கேட்டேன். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "போடா போ. ஊருக்கு மூஞ்சிய அப்புறம் காட்டிக்கலாம், மொதல்ல அவளுக்குக் காட்டு" என்றார்.

அடுத்த சனிக்கிழமைப் படகில் வருகிறேன். துறைக்கு வந்து நில். முக்காடு பெட்டியில்தான் இருக்கும்.

உன் இசாகு