ஆள்காட்டியின் உள்ளறைகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

சிட்டு, உன் கூட்டாளி சோடாபுட்டி இன்று வந்தான். நீ செத்துப்போன பிறகு முதல் தடவை. வாசலிலேயே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே வாடா என்று சத்தம் போட்ட பிறகுதான் வந்தான்.

"அம்மா, முதல் அத்தியாயத்துலயே ஆள்காட்டி வெடிச்சிடும். கேப்டன் முடிவு பண்ணிட்டாரு."

ஆள்காட்டி நீ வரைந்த ரோந்துக் கப்பல், அது தெரியும். கேப்டன் என்பது நீங்கள் எல்லாம் சேர்ந்து கப்பல் வரைந்து கொடுக்கிற விண்வெளிக் கதைப் புத்தகத்தை எழுதுகிறவராம். காகிதத்தில் இருக்கிற கப்பல்தானே, வெடித்தால் என்ன என்று நினைத்தேன். அவன் போன பிறகு அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

உன் கப்பல் ஏன் என்று சோடாபுட்டியிடம் போன் போட்டுக் கேட்டேன். உங்கள் குழுவில் அப்படி ஒரு வழக்கமாம். உள்ளறைகளை வரைந்து முடிக்காத கப்பலைத்தான் முதலில் கொளுத்துவார்களாம். வெடிக்கிறதுக்கு வெளிப்படம் போதும். எங்கே படுக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று எல்லாம் வரைந்த கப்பல் கதை முடிகிறவரை ஓடும்.

நீ வெளிப்பக்கம் முழுக்க முடித்திருந்தாய். கூர்மூக்கு, குட்டி இறக்கை, வயிற்றுக்கடியில் தேடுவிளக்கு. உள்ளே ஓட்டுகிற இடம் மட்டும்தான். அதற்குள் காய்ச்சல். ஆஸ்பத்திரி.

வெடிக்க விடமாட்டேன். நீ போனதைப் பார்த்தது போதும்.

பிப்ரவரி 6, வெள்ளி

கேப்டனிடம் நானே பேசினேன். அடுத்த வாரம் ஞாயிறு வரைக்கும் பொறுப்பாராம்.

"உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா ஒரே ஒரு அறை காலியா இருந்தாலும் நான் எடுத்துக்க முடியாது. எல்லாருக்கும் அதே சட்டம்தான்."

தன்மையாகத்தான் பேசினார். அதனால் திட்டவும் முடியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

நான் சொல்லச் சொல்ல சோடாபுட்டி வரைகிறான். "நாலு பேர் மாசக்கணக்கா இதுக்குள்ளயே இருக்கணும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

முதலில் ஒரு ஜன்னல் வைடா, கொஞ்சம் காற்று வரட்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். "காத்து வராதும்மா. உள்ள இருக்கறதும் போயிடும். ஆளுங்களும் சேர்ந்தே போயிடுவாங்க."

நானும் சிரித்துவிட்டேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். என்ன பெண்ணடி நான்?

படுக்கை இரண்டு போதும் என்று முடிவு. இரண்டு பேர் காவல் காக்கும்போது இரண்டு பேர் தூங்கட்டும். சாப்பாட்டு மேசை சுவரோடு மடியும். நடுவில் அக்கா வந்தாள். உன் பெரியம்மாவைப் பற்றித்தான் தெரியுமே.

"பைத்தியமாடி உனக்கு? இருக்கற வேலைக்கு லீவு போட்டுட்டு இல்லாத கப்பலுக்குக் கட்டில் போட்டுட்டு இருக்கே!"

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி வைடா என்றேன் சோடாபுட்டியிடம்.

பிப்ரவரி 12, வியாழன்

லாண்டரியில் படுக்கை விரிப்பு மடிக்கும்போதும் கப்பல் ஞாபகம்தான். சூப்பர்வைசர் இரண்டு தடவை கூப்பிட்டாராம், காதில் விழவில்லை.

பிப்ரவரி 14, சனி

இப்படியாகும் என்று நினைக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று இருந்தோம். உன் பழைய படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த சோடாபுட்டி திடீரென்று ஒரு இடத்தில் விரலை வைத்துக் காட்டினான். இயந்திரத்துக்குப் பக்கத்தில், கோட்டோடு கோடாய் இத்தனை நாள் கண்ணில் படாத ஒரு சின்ன அறை. சுவரை அழுத்தி அழுத்தி வரைந்திருக்கிறாய். ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். என்ன அறை என்று எழுதவில்லை.

"ஆயுதம் வைக்கற இடமா இருக்கும்மா."

"ஆயுதம் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குமாடா?"

"எனக்கும் தெரியலம்மா. எங்கிட்ட அவ சொல்லவே இல்ல. எதையாவது போட்டு முடிச்சிடலாம். நாளைக்குத்தான் கடைசி."

"அது அவ வச்ச அறை. நான் எப்படிடா கை வைக்கறது?"

பயந்த பிள்ளை அவன், எனக்கே தெரியும். பென்சிலை மேசையில் அடித்தான். "அப்ப வெடிக்கட்டுமா? சொல்லுங்கம்மா, வெடிக்கட்டுமா?"

போடா வீட்டுக்கு என்று அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் நானே அவனைக் கூப்பிட்டேன். துணி துவைக்கிற அறை என்று எழுதச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஒரு மெஷின், அழுக்குத்துணிக் கூடை, மேலே ஒரு கொடி. தாழ்ப்பாளை மட்டும் அழிக்க விடவில்லை.

"துவைக்கற அறைக்கு எதுக்குத் தாழ்ப்பாள்னு கேப்டன் கேப்பாரும்மா."

"யாராவது தனியா அழணும்னா எங்க போவாங்கன்னு திருப்பிக் கேளு."

தலையைக் குனிந்துகொண்டு வரைந்தான். சாயங்காலம் படத்தை அனுப்பிவிட்டான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பதில் இல்லை. சோடாபுட்டிக்கு மூன்று தடவை போன் போட்டுவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. நான் வேலைக்கு நடுவில் படித்து முடிக்க நாளாகும் என்று சோடாபுட்டியே உட்கார்ந்து படித்துக் காட்டினான். முதல் அத்தியாயத்தில் ஒரு சரக்குக் கப்பல் வெடித்தது. பாவம், எந்தப் பிள்ளை வரைந்ததோ. ஆள்காட்டி அந்த நெருப்பைச் சுற்றிக்கொண்டு தப்பித்துப் போகிறது. அதை ஓட்டுகிற பெண் எல்லாம் அடங்கிய பிறகு துவைக்கிற அறைக்குப் போகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள், கூடைமேல் உட்காருகிறாள். கேப்டன் அதற்கு ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கியிருக்கிறார். அடியில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.

"அந்த அறைதாம்மா எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அவ மூளையே மூளைன்னு பேசிக்கறாங்க" என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கப்பல் பிழைத்துவிட்டது, சிட்டு. ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது நான் சொன்ன அறை. நீ அங்க என்னடி வைக்கணும்னு நினைச்சே?