தலையணைக்குள் கோழி இறகு

ஏங்க, எழுந்ததும் இந்தச் சீட்டைப் படிங்க. தையல்கடைக்குக் கிளம்பிட்டேன். கோழிக்கூண்டு அடிக்க ஆசாரி வருவார், பின்கதவைத் திறந்து விடுங்க. சாவி ஆணியில தொங்குது. சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு.

நாலே நாலு கோழி! நினைச்சாலே கால் தரையில பாவல.

"தும்மித் தும்மியே சாகுற உனக்குக் கோழி ஒரு கேடா?"ன்னு நேத்தும் கத்தினீங்களே? ஒத்துக்குதான்னு பார்க்க, கோழி இறகை என் தலையணை உறைக்குள்ள போட்டு ஒரு வாரமா படுக்கிறேன். ஒரு தும்மல் இல்ல!

இன்னொண்ணு: இப்பத்தான் உறையைத் தடவிப் பார்த்தேன். இறகையே காணோம். தலையணை முதல் நாளே மாறிப்போச்சு போல, எல்லாம் உங்க தலைக்கு அடியில இருக்கு. நீங்களோ குறட்டை விட்டுத் தூங்குறீங்க.

சரி, கூண்டு கழுவ ஆள் கிடைச்சாச்சு. நான் மாஸ்க் போட்டுக்கிட்டு முட்டை மட்டும் எடுக்கிறேன்.